ஜிடி 1030: ஒரே பெயரில் இரண்டு கார்டு, மூன்றில் ஒரு பங்கு மெமரி வேகம்

2017 மே மாதம் என்விடியா ஜிஃபோர்ஸ் ஜிடி 1030 என்ற கிராபிக்ஸ் கார்டை இறக்கியது. அமெரிக்காவில் எழுபது, எண்பது டாலர் விலை. 30 வாட்தான் இழுக்கும், பவர் சப்ளையிலிருந்து தனி ஒயர் தேவையில்லை, பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரின் ஒல்லியான கேபினெட்டிலும் உட்காரும். குறைந்த செலவில் கொஞ்சம் கேம் ஆட நினைத்தவர்களுக்கு அது நியாயமான கார்டு. 2018 மார்ச்சில் அதே பெயரில் இன்னொரு கார்டு சத்தமில்லாமல் கடைக்கு வந்தது. பெட்டியில் அதே ஜிடி 1030, அதே 2 ஜிபி. ஜிடிடிஆர்5 மெமரி இருந்த இடத்தில் டிடிஆர்4 மெமரி, அவ்வளவுதான் மாற்றம்.

அந்த ஆண்டே கேமர்ஸ் நெக்சஸ், ஹார்ட்வேர் அன்பாக்ஸ்ட் போன்ற சோதனையாளர்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஓட்டிப் பார்த்தார்கள். பல கேம்களில் புதிய கார்டு பழையதன் பாதி வேகத்தில்தான் ஓடியது. சிலவற்றில் பாதிகூட இல்லை. விலையிலோ சில டாலர்தான் வித்தியாசம்.

பட்ஜெட் கார்டில் மெமரி வகை எவ்வளவு முக்கியம் என்று பார்க்க இதைவிடச் சுத்தமான உதாரணம் அமையாது. மற்ற இடங்களில் சிப்பும் மாறும், அதற்குள் கணக்குப் போடும் கோர்களின் எண்ணிக்கையும் மாறும், எதனால் வேகம் குறைந்தது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். இங்கே இரண்டிலும் ஜிபி108 என்ற அதே பாஸ்கல் தலைமுறைச் சிப். அதே 384 கோர், அதே 64 பிட் மெமரி பஸ் (சிப்புக்கும் மெமரிக்கும் நடுவே தரவு போகும் பாதை). பூஸ்ட் வேகம், அதாவது சிப்பின் உச்ச வேகம், மட்டும் 1468 மெகாஹெர்ட்ஸிலிருந்து 1379 ஆக இறங்கியது, அதாவது ஆறு சதவீதம். ஆறு சதவீதக் குறைவால் ஒரு கேம் பாதி வேகத்துக்கு விழாது. மிச்சம் முழுக்க மெமரியின் கைங்கர்யம்.

கணக்கு எளிதுதான். மெமரியின் ஒவ்வொரு இணைப்பு முனையிலும் விநாடிக்கு எத்தனை ஜிகாபிட் போகிறது என்பதைப் பஸ் அகலத்தால் பெருக்கி எட்டால் வகுத்தால் பேண்ட்வித், அதாவது விநாடிக்கு நகரக்கூடிய மொத்தத் தரவு, வந்துவிடும். ஜிடிடிஆர்5 கார்டில் 6 ஜிகாபிட், 64 பிட்: விநாடிக்கு 48 ஜிபி. டிடிஆர்4 கார்டில் 2.1 ஜிகாபிட், அதே 64 பிட்: விநாடிக்கு 16.8 ஜிபி. சிப்பின் கணக்குப் போடும் திறன் ஆறு சதவீதம் குறைய, அதற்குத் தீனி வந்து சேரும் வேகம் அறுபத்தைந்து சதவீதம் குறைந்துவிட்டது. 384 பேர் பந்தியில் இலை போட்டு உட்கார்ந்திருக்க, பரிமாறும் ஆட்களில் மூன்றில் இரண்டு பங்கை வீட்டுக்கு அனுப்பிய கதை.

இந்த இடத்தில் ஒரு குழப்பம் பரவலாக உண்டு. டிடிஆர்4, ஜிடிடிஆர்5 இரண்டையும் ஒரே வரிசையின் நாலாவது, ஐந்தாவது தலைமுறை என்று நினைத்து, 'ஒரு படிதானே குறைவு' என்று வாங்கிவிடுகிறார்கள். இரண்டும் வேறு வேறு குடும்பம். ஜிடிடிஆர்5 மெமரி 2008-லேயே ஏஎம்டியின் ரேடியான் எச்டி 4870 கார்டில் வந்துவிட்டது. டிடிஆர்4-க்கான தரம் வெளியானதே 2012-இல். டிடிஆர் குடும்பம் பிராசஸருக்காக உருவானது: நிறையக் கொள்ளளவு, குறைந்த விலை, கேட்டதும் சீக்கிரம் பதில். ஜிடிடிஆர் குடும்பத்தில் தாமதம் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை, ஒரே நேரத்தில் வண்டி வண்டியாகத் தரவு வந்து இறங்க வேண்டும். கிராபிக்ஸ் வேலைக்கு இரண்டாவதுதான் பொருந்தும். ஒரு பிக்சலின் தரவு வரத் தாமதமானால் சிப் அடுத்த பிக்சலை எடுத்துக்கொள்ளும், காத்திருப்பது வெளியே தெரியாது. மொத்த வரத்தே குறைவு என்றால் எந்தப் பிக்சலை எடுத்தாலும் காத்திருக்கத்தான் வேண்டும்.

கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்து பார்ப்பவர்களையும் ஒரு எண் ஏமாற்றும். ஜிடிடிஆர்5 கார்டில் மெமரி கிளாக் 1502 மெகாஹெர்ட்ஸ் என்று காட்டும், டிடிஆர்4 கார்டில் 1050. பார்த்தால் முப்பது சதவீத வித்தியாசம் போலத் தெரியும். ஆனால் ஜிடிடிஆர்5-க்கு அந்த எண்ணை நான்கால் பெருக்க வேண்டும், டிடிஆர்4-க்கு இரண்டால். 6008-க்கும் 2100-க்கும் உள்ள தூரம்தான் உண்மை. கிளாக்கை விட்டுவிட்டு, அதே திரையில் இருக்கும் பேண்ட்வித் கட்டத்தைப் பார்த்தால் போதும்.

ஒரு பிக்சலுக்கு எத்தனை பைட்?

16.8 ஜிபி என்பது கேட்பதற்குப் பெரிய எண்தான். ஒரு விநாடியில் இரண்டு மூன்று சினிமாவை நகர்த்திவிடலாமே, ஒரு கேமுக்குப் போதாதா என்று தோன்றும். அதை ஃபிரேமுக்கு ஃபிரேம் பிரித்துப் பார்த்தால் பஞ்சம் தெரியவரும்.

விநாடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 படம், வேண்டும் என்றால், ஒரு ஃபிரேமுக்கு டிடிஆர்4 கார்டு நகர்த்தக்கூடிய மொத்தத் தரவு 280 எம்பி. ஜிடிடிஆர்5 கார்டுக்கு 800 எம்பி. ஃபுல் எச்டி திரையில் 1920-ஐ 1080-ஆல் பெருக்கினால் சுமார் 20.7 லட்சம் பிக்சல். ஆக ஒரு பிக்சலுக்கு டிடிஆர்4 கார்டில் 135 பைட், ஜிடிடிஆர்5 கார்டில் 386 பைட்.

இந்த 135 பைட்டுக்குள் என்னென்ன நடக்க வேண்டும்? பல கேம் எஞ்சின்கள் ஒரு பிக்சலை ஒரே சுற்றில் வரைந்து முடிப்பதில்லை. முதல் சுற்றில் அந்தப் புள்ளியின் நிறம், பரப்பு எந்தப் பக்கம் பார்க்கிறது, எவ்வளவு பளபளப்பு, கேமராவிலிருந்து எவ்வளவு தூரம் என்று நாலைந்து குறிப்புகளை மெமரியில் தனித்தனி பஃபரில் எழுதிவைக்கும். குறிப்புக்கு 4 பைட் என்று வைத்தால் 20 பைட் போயிற்று. வெளிச்சம் கணக்கிடும் சுற்றில் அந்த 20 பைட்டையும் திரும்பப் படிக்க வேண்டும். மரத்துக்குப் பின்னால் சுவர், சுவருக்குப் பின்னால் மலை என்று அடுக்காக வரும் இடங்களில் அதே புள்ளியை இரண்டு மூன்று முறை எழுத நேரும். நிழலுக்கென்று தனியாக ஒரு ஷேடோ மேப் வரைந்து, பிறகு அதையும் படிக்க வேண்டும். பரப்புகளின் மேல் ஒட்டும் படங்களான டெக்ஸ்ச்சரைப் படிப்பது வேறு. கடைசியில் ஒளிவட்டம் சேர்க்கும் ப்ளூம், ஓரங்களை மென்மையாக்கும் ஆன்டி-ஏலியாசிங், கலர் திருத்தம் என்று ஒவ்வொன்றும் திரை முழுவதையும் ஒருமுறை படித்து ஒருமுறை எழுதும். சிப்புக்குள்ளேயே இருக்கும் கேஷ் என்ற சிறு மெமரியும், நிறத் தரவைச் சுருக்கும் பாஸ்கலின் கலர் கம்ப்ரஷனும் இதில் ஒரு பங்கை மிச்சம் பிடித்துக் கொடுக்கும். அப்படியும் 135 பைட்டில் குடித்தனம் நடத்துவது கஷ்டம்.

'ரெசல்யூஷனைக் குறைத்துக்கொண்டால் சரியாகிவிடும்' என்று சொல்பவர்கள் இதையும் பார்க்க வேண்டும். 1280-க்கு 720 என்று இறக்கினால் பிக்சல் எண்ணிக்கை 9.2 லட்சம், பிக்சலுக்கு 304 பைட் கிடைக்கும். ஜிடிடிஆர்5 கார்டு ஃபுல் எச்டியில் ஓடும்போது கிடைக்கும் 386-ஐ இது இன்னும் எட்டவில்லை.

பேண்ட்வித் மூன்றில் ஒரு பங்கு ஆகிவிட்டதே, வேகம் ஏன் பாதியோடு நின்றது என்று ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்வி. ஒரு ஃபிரேமின் நேரம் முழுவதும் மெமரிக்காகக் காத்திருப்பதில் போவதில்லை. உருவங்களின் முக்கோணங்களைக் கணக்கிடுவது, பிக்சலின் நிறத்தைக் கணக்கிடும் ஷேடர் ஓடுவது போன்ற வேலைகள் கோரின் வேகத்தை நம்பியிருப்பவை. தோராயமாக ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஜிடிடிஆர்5 கார்டில் ஃபிரேம் நேரத்தில் பாதி மெமரிக்குக் கட்டுப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பாதி 2.86 மடங்கு நீளும், மறு பாதி 1.06 மடங்கு நீளும், சராசரி கிட்டத்தட்ட இரண்டு. சோதனைகளில் கண்டதும் இதுதான். அப்படியென்றால் 'நல்ல' ஜிடி 1030 கார்டே பாதி நேரம் மெமரி வாசலில்தான் நின்றிருக்கிறது. ஏற்கெனவே இழுத்துப் பிடித்து ஓடிய சிப்பின் மெமரியைத்தான் இன்னும் வெட்டினார்கள்.

இரண்டு கார்டுகளும் மதர்போர்டோடு பேசுவது நாலே பிசிஐ-இ லேன் (கார்டு செருகும் ஸ்லாட்டின் தரவுப் பாதை) வழியாக. மூன்றாம் தலைமுறை பிசிஐ-இ-யில் அது விநாடிக்கு 4 ஜிபிக்கும் கீழே. கார்டில் இருக்கும் 2 ஜிபி நிரம்பி, டெக்ஸ்ச்சர் கம்ப்யூட்டரின் ரேமிலிருந்து வர ஆரம்பித்தால் இரண்டு கார்டுமே தடுக்கி விழும். அந்த நிலையில் மெமரி வகை பற்றிப் பேசுவதற்கே அர்த்தமில்லை.

இது முதல் தடவையும் இல்லை

2014-இல் வந்த ஜிடி 730 இதைவிட மோசமான கலவை. ஒரே பெயரில் மூன்று கார்டுகள். ஒன்று, பழைய ஃபெர்மி சிப்பில் 96 கோர், 128 பிட் டிடிஆர்3, விநாடிக்கு 28.8 ஜிபி. இன்னொன்று, கெப்ளர் சிப்பில் 384 கோர், 64 பிட் டிடிஆர்3, 14.4 ஜிபி. மூன்றாவது, அதே கெப்ளர் சிப், 64 பிட் ஜிடிடிஆர்5, 40 ஜிபி. மூன்றில் வாங்கத் தகுந்தது கடைசி ஒன்றுதான். இதில் 4 ஜிபி டிடிஆர்3 என்று பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டு விற்ற மாடல்களும் உண்டு. 14.4 ஜிபி பேண்ட்வித்தில் 60 ஃபிரேம் ஓட்டினால் ஒரு ஃபிரேமில் தொட முடிவதே 240 எம்பி. 4 ஜிபியையும் ஒருமுறை படித்து முடிக்க கால் விநாடிக்கு மேல் ஆகும். அந்தக் கூடுதல் கொள்ளளவு பெட்டியின் மேல் அச்சடிக்க உதவியது, கேமுக்கு உதவவில்லை. பட்ஜெட் கார்டில் 'எத்தனை ஜிபி' என்ற கேள்வியையே எல்லாரும் கேட்பதால் கம்பெனிகளும் அதற்கு மட்டுமே பதில் சொல்லப் பழகிவிட்டன என்பது என் கணிப்பு.

எதிர்ப்பக்க உதாரணம் ஒன்றும் பார்த்துவிட வேண்டும். இல்லையென்றால் 'புது மெமரி வகை எப்போதும் வேகம்' என்ற இன்னொரு தவறான முடிவுக்குப் போய்விடுவோம். 2019 ஏப்ரலில் வந்த ஜிடிஎக்ஸ் 1650 கார்டில் 896 கோர், 128 பிட் ஜிடிடிஆர்5, விநாடிக்கு 128 ஜிபி. ஒரு வருடம் கழித்து, 2020 ஏப்ரலில், அதே பெயரில் ஜிடிடிஆர்6 மாடல் வந்தது. பேண்ட்வித் 192 ஜிபி, முழுசாக ஐம்பது சதவீதம் அதிகம். பூஸ்ட் வேகத்தை மட்டும் 1665-இலிருந்து 1590 மெகாஹெர்ட்ஸாகக் குறைத்தார்கள். கிடைத்த லாபம்? பெரும்பாலான கேம்களில் பத்து சதவீதத்தை ஒட்டி, அல்லது அதற்கும் கீழே. சிப்பின் பசி ஓரளவு அடங்கிய பிறகு மேலே போடுவது அந்த அளவுக்குப் பயன்படுவதில்லை.

அந்தப் பசியை அளக்க நான் பயன்படுத்தும் கணக்கு இது. கோர் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி, பூஸ்ட் வேகத்தை ஜிகாஹெர்ட்ஸில் போட்டுப் பெருக்கினால் சிப் விநாடிக்குச் செய்யும் கணக்குகள் ஜிகாஃப்ளாப்ஸில் கிடைக்கும். அதைப் பேண்ட்வித்தால் வகுத்தால், ஒரு பைட் வந்து சேர்வதற்குள் சிப் எத்தனை கணக்குப் போட்டு முடித்துவிட்டுச் சும்மா நிற்கும் என்று தெரியும். ஜிடிடிஆர்5 ஜிடி 1030-க்கு இது 23. ஜிடிடிஆர்5 ஜிடிஎக்ஸ் 1650-க்கும் 23. ஜிடிடிஆர்6 மாடலுக்கு 15. டிடிஆர்3 ஜிடி 730-க்கு 48. டிடிஆர்4 ஜிடி 1030-க்கு 63. அந்த 63 மற்றவற்றோடு ஒட்டவே இல்லை பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை: சிப்பின் அமைப்பும் கேஷும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும் கார்டுகளுக்குள் மட்டும் இதை ஒப்பிட வேண்டும். ஆர்டிஎக்ஸ் 4060 கார்டின் பேண்ட்வித் 272 ஜிபி, அதற்கு முந்தைய 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060-க்கு 360. ஆனாலும் 4060-தான் வேகம், ஏனென்றால் அதன் சிப்புக்குள்ளேயே 24 எம்பி கேஷ் வைத்துவிட்டார்கள். மெமரிக்கு ஓட வேண்டிய தேவையே குறைந்துபோனது.

வகையைச் சரிபார்த்தால் மட்டும் போதுமா?

இப்போது கடைக்கு வரும் புதிய கார்டுகளில் டிடிஆர்4 தொல்லை அநேகமாக இல்லை. பட்ஜெட்டிலும் ஜிடிடிஆர்6 வந்துவிட்டது. வெட்டு இப்போது பஸ் அகலத்தில் விழுகிறது. 2022 ஜனவரியில் வந்த ரேடியான் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டில் 18 ஜிகாபிட் ஜிடிடிஆர்6 இருந்தும், பஸ் 64 பிட் என்பதால் பேண்ட்வித் 144 ஜிபிதான். அதற்கு முந்தைய 5500 எக்ஸ்டி 128 பிட்டில் 224 ஜிபி தந்தது. 16 எம்பி கேஷை வைத்துச் சமாளித்தார்கள், ஆனாலும் பல கேம்களில் பழையதைத் தாண்ட முடியவில்லை. நாலு லேன் பிசிஐ-இ வேறு, பழைய மதர்போர்டில் போட்டவர்களுக்கு அது இன்னும் அடி. ஆர்டிஎக்ஸ் 3060 பெயரிலேயே 2022 கடைசியில் 8 ஜிபி மாடல் வந்தது. கோர் எண்ணிக்கை அதே 3584, மெமரி வகை அதே ஜிடிடிஆர்6. பஸ் 192 பிட்டிலிருந்து 128 ஆனது, பேண்ட்வித் 360-இலிருந்து 240. பெட்டியில் 'ஜிடிடிஆர்6' என்று மட்டும் பார்த்து வாங்கியவருக்கு இது எப்படித் தெரியும்?

2024 பிப்ரவரியில் வந்த 6 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050 கார்டை மட்டும் நான் அவ்வளவாகத் திட்டமாட்டேன். பெயர் விஷயத்தில் அதுவும் ஏமாற்றுத்தான். ஆனால் பேண்ட்வித் 224-இலிருந்து 168 ஆனபோது கோரும் 2560-இலிருந்து 2304 ஆனது, கிளாக்கும் இறங்கியது, பசிக் கணக்கு இரண்டுக்கும் 40 பக்கத்திலேயே நிற்கிறது. சிறிய கார்டுதான், ஆனால் கழுத்தை நெரித்த கார்டு இல்லை. 70 வாட்டில், தனி பவர் ஒயர் இல்லாமல் ஓடுவதால் ஆபீஸ் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்குப் பயன்படும்.

கார்டே வாங்காமல் தப்பிக்கும் வழியும் உண்டு. 2018 பிப்ரவரியில், அதாவது டிடிஆர்4 ஜிடி 1030 வருவதற்கு ஒரு மாதம் முன்னால், ஏஎம்டி 99 டாலருக்கு ரைசன் 3 2200ஜி பிராசஸரைக் கொண்டுவந்தது. அதன் உள்ளேயே வேகா 8 கிராபிக்ஸ். கம்ப்யூட்டரின் ரேம்தான் அதற்கும் மெமரி. இரண்டு ஸ்டிக் டிடிஆர்4-2400 போட்டால் விநாடிக்கு 38.4 ஜிபி. டிடிஆர்4-3200 போட்டால் 51.2. ஜிடிடிஆர்5 ஜிடி 1030 பக்கத்தில் வந்துவிடும். ஒரே ஸ்டிக் போட்டு ஓட்டினால் 19.2 ஜிபி, அதையும் பிராசஸரோடு பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். டிடிஆர்4 கார்டுக்கு நேர்ந்த அதே கதி. இந்த மாதிரிப் பிராசஸரை ஒற்றை ஸ்டிக்கோடு வைத்துக்கொண்டு 'கேம் ஓடவில்லை, சின்னதாக ஒரு கார்டு வாங்கலாமா' என்று கேட்பவர்கள் இன்றும் நிறைய. கார்டுக்கு முன்னால் இரண்டாவது ஸ்டிக்கை வாங்கிப் போடுவதுதான் மலிவு. இதேபோல உள்ளேயே கிராபிக்ஸ் உள்ள ரைசன் 5600ஜி வைத்திருப்பவர்களுக்கும் இதே பதில்.

டிடிஆர்4 ஜிடி 1030 யாருக்குமே ஆகாதா என்றால், அப்படியும் சொல்ல முடியாது. உள்ளே கிராபிக்ஸ் இல்லாத பிராசஸர், திரையில் படம் தெரிந்தால் போதும், இரண்டாவது மானிட்டர் ஒன்று வேண்டும், வீடியோ பார்க்க வேண்டும் என்பவருக்கு அது போதும். 20 வாட்தான் இழுக்கும். வீடியோ டிகோட் செய்யத் தனி ஹார்ட்வேர் சிப்பிலேயே இருக்கிறது, கேமுக்குத் தேவைப்படும் பேண்ட்வித் அதற்குத் தேவையில்லை. ஆனால் திரையில் ஓடுவதை வீடியோவாகச் சுருக்கிப் பதியும் என்கோடர் இந்த சிப்பில் கிடையாது. ஸ்ட்ரீமிங், ரெக்கார்டிங் என்று யோசிப்பவர்கள் ஜிடிடிஆர்5 மாடலையும் சேர்த்துத் தவிர்க்க வேண்டும். பழைய கார்டு வாங்கத் தயங்காதவருக்கு 2016-இல் வந்த ஜிடிஎக்ஸ் 1050 டிஐ இன்னும் நல்லது: 4 ஜிபி, 112 ஜிபி பேண்ட்வித், பெரும்பாலான மாடல்களுக்குத் தனி பவர் ஒயரும் வேண்டாம், என்கோடரும் உண்டு. பாஸ்கல் தலைமுறைக்குப் புது கேம்களுக்கான டிரைவர் 2025 அக்டோபரோடு நின்றுவிட்டது என்பதை மட்டும் விலை பேசும்போது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்குகிற இடத்தில் இதை எப்படிக் கண்டுபிடிப்பது? விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் இரண்டுமே 'ஜிஃபோர்ஸ் ஜிடி 1030' என்றுதான் வரும். டாஸ்க் மேனேஜர் மெமரி எவ்வளவு என்று சொல்லும், என்ன வகை என்று சொல்லாது. பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் மாடல் நம்பர்தான் வழி. உதாரணமாக கிகாபைட் கார்டில் நம்பரின் நடுவில் 'டி5' என்று இருந்தால் ஜிடிடிஆர்5, 'டி4' என்று இருந்தால் டிடிஆர்4. எம்எஸ்ஐ டிடிஆர்4 மாடலின் பெயரில் '2ஜிடி4' என்று வரும். ஆன்லைனில் படம் ஒன்று, வருவது ஒன்று என்று ஆக வாய்ப்பிருப்பதால், விற்பவரிடம் மாடல் நம்பர் தெரியும்படி பெட்டியைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பழைய கார்டு என்றால் பெட்டியே இருக்காது. அப்போது ஜிபியு-இசட் திரையின் படத்தைக் கேளுங்கள். அதில் மெமரி டைப், பஸ் விட்த், பேண்ட்வித் மூன்றும் அடுத்தடுத்து இருக்கும். ஜிடி 1030-க்கு 48 என்று இருந்தால் பேரத்தைத் தொடரலாம். கார்டு கைக்கு வந்ததும் கேமை இன்ஸ்டால் செய்வதற்கு முன்னால், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள், அதே திரையை உங்கள் கம்ப்யூட்டரிலும் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.